ரோமாபுரிக்குப் போன கும்பிடு

கண்டி மார்க்கட்டில் பாரை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தொலைபேசி அடித்தது. ஒரு கையில் பை, மறு கையில் குடை, வெளியே அடைமழை. பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் மறுபக்கத்தில் பேசிய குருவானவர் சொன்னதைக் கேட்டதும் மீனும் மறந்தது, மழையும் மறந்தது. ஹந்தானையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து உபதேசியார் வாழ்ந்தது புனிதர் பட்டத்துக்குத் தகுந்த வாழ்க்கைதானா என்று திருச்சபை முறைப்படி விசாரிக்கப் போகிறதாம்.

உபதேசியார் என்றால் குருவானவர் அல்ல. சாமியார் எட்டிப் பார்க்காத இடத்தில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து, ஞாயிறு செபம் நடத்தி, சாவு வீட்டில் முன்னால் நிற்கிற சாதாரண மனிதர். எங்கள் உபதேசியார் வாரநாட்களில் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலை வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போடுவார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தார், லயத்தில் செத்தார். அவர் பெயர் ரோமாபுரி வரை போகப் போகிறது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணைக்குத் தலைமை தாங்கப்போகிறவர்தான் என்னை அழைத்தவர். சிங்களவர், கண்டிப் பக்கத்துக்காரர். சாட்சிகள் எல்லோரும் தோட்டத்துத் தமிழ் பேசுகிறவர்கள், ரோமுக்குப் போகவேண்டிய பத்திரமோ ஆங்கிலத்தில். நடுவில் சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை.

"நீங்கள் ஹந்தானைதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம் ஃபாதர், லயத்தில் பிறந்தவள்தான்" என்று மார்க்கட்டுக்கே கேட்கும்படி பதில் சொன்னேன். மீன்காரர் நிமிர்ந்து பார்த்தார். அதற்காக விலையைக் குறைத்தாரா என்று கேட்காதீர்கள், குறைக்கவில்லை.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொலை, காணிச் சண்டை, விவாகரத்து எல்லாம் என் வாய் வழியாக மூன்று மொழிகளுக்குள் போய் வந்திருக்கின்றன. என்னைப் பற்றி வக்கீல்மார் பலவிதமாகச் சொல்வார்கள். வாய்க்காரி என்பார்கள், முகத்தில் அடித்த மாதிரிப் பேசுகிறவள் என்பார்கள். ஆனால் சாட்சி சொன்ன சொல்லை மாற்றிச் சொன்னாள் என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த ஒன்றில் எனக்கு இருக்கிற கர்வத்தை மறைக்கப் போவதில்லை.

என் வீட்டுக்காரர்தான் குறுக்குக் கேள்வி கேட்டார். "உனக்கு அவரை நேரிலேயே தெரியுமே. நீ சாட்சி சொல்லப் போகாமல் மொழிபெயர்க்கப் போகிறாயா?" நியாயமான கேள்விதான். இரண்டையும் ஒருவரே செய்ய முடியாது. சாட்சி சொல்லத் தோட்டம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் பேசுவதை ஒரு மயிரிழை பிசகாமல் ஆங்கிலத்தில் வைக்க ஆள் இல்லை. நான் மொழிபெயர்க்கவே போனேன்.

புனிதர் பட்டம் என்பதைப் பலர் பரிசு கொடுப்பது போல நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வழக்கு. ஆள் இறந்து குறைந்தது ஐந்து வருடமாவது ஆகியிருக்கவேண்டும், சூடு ஆறவேண்டும் என்பதற்காக. பிறகு அந்தந்த மறைமாவட்டத்தில் விசாரணை மன்று அமைப்பார்கள். தலைமை தாங்க ஒருவர், எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பமிட நொத்தாரிசு ஒருவர், குறுக்கே நிற்பதற்கென்றே ஒருவர். அந்த மூன்றாமவருக்கு நீதிக் காவலர் என்று பெயர். ஊர் வழக்கில் பிசாசின் வக்கீல். விசாரணை தொடங்கியதும் இறந்தவரை இறை ஊழியர் என்பார்கள். விசாரணைப் பத்திரக் கட்டுகள் ரோமுக்குப் போய், அங்கே பிரித்து மேய்ந்து, வாழ்க்கை உண்மையிலேயே வீரமான நற்குணம் கொண்டதுதான் என்று கண்டால் வணக்கத்துக்குரியவர் ஆவார். அவருடைய மன்றாட்டால் ஒரு புதுமை, அதாவது அற்புதம், நடந்தது என்று நிரூபித்தால் அருளாளர். இன்னொரு புதுமை நடந்தால்தான் புனிதர். நம் ஆயுளுக்குள் முடிகிற காரியம் அல்ல.

இதில் எல்லோரையும் தலை சுற்ற வைக்கிற விதி ஒன்று உண்டு. ஆள் புனிதர் என்று மக்கள் மத்தியில் பேச்சு இருக்கவேண்டும். பேச்சு இல்லாவிட்டால் வழக்கே இல்லை. ஆனால் திருச்சபை சொல்வதற்கு முன்னால் மக்களாகவே அவரைப் பீடத்தில் ஏற்றிப் பொது வழிபாடு செய்துவிடக் கூடாது. செய்திருந்தால் வழக்கு அங்கேயே இடறி விழும். வீட்டு மூலையில் உட்கார்ந்து, "உபதேசியாரே, எனக்காக வேண்டிக்கொள்ளும்" என்று தனியாகக் கேட்கலாம். கல்லறையில் பூசை வைக்கக் கூடாது, படத்துக்கு ஒளிவட்டம் போடக் கூடாது. பெண் பார்த்துப் பிடித்துவிட்டது, ஆனால் தாலி கட்டும் வரை கையைப் பிடிக்காதே என்கிற மாதிரி.

ஆகவே கல்லறையைப் பார்வையிடுவதும் விசாரணையின் ஒரு பகுதி. மன்று முழுவதும் வேனில் ஏறி ஹந்தானைக்குப் போனோம். தலைமைக் குரு, மடிக்கணினியோடு நொத்தாரிசாக இருந்த இளம் கன்னியாஸ்திரி, நீதிக் காவலர், நான். நீதிக் காவலர் யாழ்ப்பாணத்துக் குருவானவர். பெரிய படிப்பு, திருச்சட்டத்தில் பட்டம், சிரிப்பு குறைவு. மேலே ஏற ஏற அவருக்குக் காது அடைத்துக்கொண்டது. "இஞ்சை இவ்வளவு குளிர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்று மட்டும் சொன்னார். என்னுடைய சால்வையை நான் கொடுக்கவில்லை. எனக்கும் குளிர்ந்தது.

தோட்டத்துச் சனம் ஏற்கனவே பயந்து போயிருந்தது. கல்லறையில் விளக்கு இருந்தால் பட்டம் கிடைக்காது என்று யாரோ சொல்லி, விளக்குக் குழிகளைச் சுரண்டித் துடைத்து வைத்திருந்தார்கள். எண்ணெய்க் கறையை என்ன செய்வது? அது போகவில்லை. நீதிக் காவலர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்ன?" என்று கேட்டார்.

கூட்டத்தின் முன்னால் நின்ற அக்கா ஒருவர்தான் பதில் சொன்னார். ஓய்வு பெற்ற கொழுந்துக்காரி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எங்கள் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவர். மழைக்கும் துரைக்கும் பயந்ததே இல்லை என்று பெயர் எடுத்தவர்.

"வௌக்கெண்ண சாமி. கல்லறத் திருநாளுக்கு வைக்கிறது. எல்லாக் குழிக்குந்தான் வைக்கிறோம், இங்கிட்டு வந்து பாருங்க" என்று அவரை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். ஆமாம், கல்லறைக் கல் என்று இருந்த எல்லாவற்றிலும் அதே கறை. குடித்துச் செத்தவர் கல்லிலும் இருந்தது, கணக்கப்பிள்ளையின் கல்லிலும் இருந்தது. நீதிக் காவலர் தலையசைத்தார். நொத்தாரிசு எழுதினார். கல்லறை தப்பியது என்று நான் மூச்சு விட்டேன். தோட்டத்தார் எங்களுக்குப் பிளேன்டீயும் பணிஸும் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த கிழமை சாட்சியம். நகரத்துப் பழைய பங்குமனை ஒன்றின் மேல்மாடி அறை. நீட்டு மேசை, சிலுவை, வேதாகமம், தேக்குக் கதிரைகள், யன்னலுக்கு வெளியே பஸ்களின் ஹோர்ன் சத்தம்.

இந்த அறைக்குள் நடந்ததை வெளியே சொல்வதில்லை என்று நானும் சத்தியம் செய்தவள். ஆகவே மற்ற சாட்சிகள் சொன்னது எதையும் நான் எழுதமாட்டேன். இந்த ஒரு சாட்சியத்தை மட்டும் எழுத எனக்குத் துணிவு வந்த காரணம் சாட்சி சொன்னவரேதான். அவரும் அதே சத்தியத்தைச் செய்துவிட்டு, அன்று மாலையே ஹந்தானை பஸ்ஸில் நின்றுகொண்டு முழுவதையும் உரத்த குரலில் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு தலைமைக் குருவிடம் கேட்டேன். "பஸ்ஸுக்கே தெரிந்ததில் இனி என்ன இரகசியம்? பெயர் போடாமல் எழுதுங்கள்" என்றார்.

கல்லறையில் பேசிய அதே அக்காதான். நீலப் பூச்சேலை, புதுச் செருப்பு. உள்ளே வந்ததும் இரண்டு கையையும் சேர்த்து, "கும்பிடுறேன் சாமி" என்று தலைமைக் குருவுக்குச் சொன்னார். நீதிக் காவலருக்கு ஒரு கும்பிடு, நொத்தாரிசுக்கு ஒரு கும்பிடு, எனக்கு ஒன்று. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த பணியாளருக்கும் ஒன்று. பிறகு கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உபதேசியார் கோபப்பட்டதைப் பார்த்திருக்கிறாரா, காசு ஆசை இருந்ததா, குடித்தாரா, மனைவியோடு எப்படி இருந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அக்கா ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். புகைப்பார் என்றார். பாட்டு வராது, ஆனால் பாடுவார் என்றார். நொத்தாரிசுச் சகோதரி சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டெழுதினார்.

அப்போது நீதிக் காவலர் கதிரையை முன்னால் இழுத்தார். "அம்மா, நீங்கள் அவரைக் கும்பிடுறனீங்களோ?"

"கும்பிடாம?" என்றார் அக்கா, இது என்ன கேள்வி என்கிற மாதிரி. "அவரு உசுரோட இருக்கப்பவே கும்பிடுவோம் சாமி. இப்பவும் மலைக்குப் போறப்ப குழியத் தாண்டுனா நின்னு கும்பிட்டுட்டுத்தான் போவோம். தோட்டமே கும்பிடும்."

அக்கா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். நீதிக் காவலர் என்ன கேட்டார் என்றும் தெரியும். இருவரும் பேசியது ஒரே சொல். ஆனால் ஒரே சொல் அல்ல. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: உயிரோடிருந்தபோது கைகூப்பி அவருக்கு மரியாதை சொல்வோம், இப்போதும் கல்லறையைக் கடக்கும்போது அப்படியே சொல்லிவிட்டுப் போவோம், தோட்டத்தில் எல்லோரும் செய்வார்கள்.

"இல்லை" என்றார் நீதிக் காவலர். ஆங்கிலத்தில், தலைமைக் குருவைப் பார்த்து. "சாட்சி சொன்னது கும்பிடுதல். அது வழிபாடு. எங்கள் ஊரில் கோயிலுக்குப் போய்ச் செய்வது. மொழிபெயர்ப்பாளர் சொல்லை மெதுவாக்குகிறார் என்பதைப் பதிவு செய்ய வேண்டுகிறேன்."

நான் நீதிமன்றத்தில் இருந்த காலம் முழுவதும் யாரும் சொல்லாததை ஒரு குருவானவர் சொல்லிவிட்டார். முகம் எரிந்தது. அவர் சொன்னபடி பதிவானால் என்ன ஆகும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அக்காவைத் தவிர. தோட்டம் முழுவதும் உயிரோடிருந்த மனிதனையும், பிறகு அவன் கல்லறையையும் வழிபட்டது என்று ரோமில் வாசிப்பார்கள். எங்கள் உபதேசியாரின் வழக்கு அந்த ஒரு வரியில் முடிந்துவிடும். அவரைக் கைவிட்டது ரோமாபுரி என்றுகூட இருக்காது. எங்கள் பேச்சு என்றே இருக்கும்.

அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. தோட்டப் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு நகரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள், வகுப்பாசிரியையான கன்னியாஸ்திரிக்கு "கும்பிடுறேன் சிஸ்டர்" என்றேன். வகுப்பே சிரித்தது. வணக்கம் சொல்லவேண்டுமாம், அல்லது குட் மோர்னிங். இடைவேளையில் ஒருத்தி என்னைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "கும்பிடுறேன் தொரை" என்றாள். "மாதாவுக்குச் சொல்ற வார்த்தையத்தான் சிஸ்டருக்கும் சொன்னேன், ஒனக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டேன். பிறகு கொஞ்சம் தலைமயிர் பிடிச் சண்டையும் நடந்தது. வென்றது நான்தான். நான் அந்தச் சொல்லை இன்றுவரை விடவில்லை. கண்டி வாவியைச் சுற்றி நடக்கும்போது தெரிந்த தோட்டத்துக்காரர் எதிரே வந்தால் இன்னும் கைகூப்புகிறேன்.

ஆனால் அந்த அறையில் நான் சாட்சி அல்ல. உபதேசியாரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்று நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. என் தொழிலைப் பற்றி மட்டுமே பேசலாம். பேசினேன்.

"ஃபாதர், இந்த அம்மா உள்ளே வந்தபோது எத்தனை பேரைக் கும்பிட்டார்? கும்பிட்டால் வழிபாடு என்றால், இன்று காலையில் இந்த மேசையைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் வழிபாடு நடந்துவிட்டது. தேத்தண்ணி கொண்டுவந்தவருக்கும் நடந்தது. நீங்கள் தடுக்கவில்லையே."

தலைமைக் குருவின் மீசைக்குள் ஏதோ அசைந்தது. நீதிக் காவலர் அசையவில்லை. "உயிரோடிருப்பவரைக் கும்பிட்டால் வந்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். கல்லறையைக் கும்பிடுவது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். "அம்மா, கோவியாதேங்கோ. குறுக்க நிக்கிறதுதான் என்ரை வேலை. நான் இஞ்சை கேக்காட்டில் நாளைக்கு ரோமிலை கேப்பினம். அங்கை பதில் சொல்ல நீங்களும் இருக்கமாட்டியள், இவவும் இருக்கமாட்டா."

அதில் நியாயம் இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

தலைமைக் குருவுக்குத் தமிழ் அவ்வளவு விளங்காது. ஆனால் அவர் அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் சிங்களத்தில் மெல்லக் கேட்டார்: "இது எங்கள் வந்தினவாதானே?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. சிங்களத்தில் புத்தருக்கு முன்னால் செய்வதும் வந்தினவா, சிங்களக் கத்தோலிக்கர் கோவிலில் மாதாவுக்குச் செய்வதும் வந்தினவா, புத்தாண்டன்று வெற்றிலை கொடுத்து அம்மா அப்பா காலில் விழுவதும் வந்தினவா. கண்டியில் பிறந்த ஒருவருக்கு அதை விளக்கவேண்டியதில்லை. நீதிக் காவலரும் நானும் தமிழர். எங்களுக்குள் விளங்காத தமிழ்ச் சொல் அந்தச் சிங்களவருக்கு விளங்கிவிட்டது.

"ஆமாம் ஃபாதர், அதேதான்" என்றேன்.

"அப்படியானால் நாம் விவாதிக்கவேண்டாம். அந்த அம்மாவிடமே கேளுங்கள், கும்பிடுவது என்றால் என்ன என்று" என்றார்.

கேட்டேன். கேட்கும்போது எனக்குப் பயமாகவே இருந்தது. அக்கா எதையாவது இன்னும் பெரிதாகச் சொல்லிவிட்டால் அதையும் நானே மொழிபெயர்க்கவேண்டும். சத்தியம் அப்படி.

"அக்கா, கும்பிடுறதுன்னா என்னன்னு கேக்குறாங்க."

"என்ன தங்கச்சி இது, நீயும் லயத்துல பொறந்தவதானே. ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்க்கா. நீங்க சொல்லணும்."

அக்கா எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். விஷயம் விபரீதம் என்று அப்போதுதான் அவருக்குப் பட்டிருக்கவேண்டும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"கும்பிடுறதுல பல மாதிரி இருக்கு சாமி. தொரையக் கும்பிடுவோம், அது பயத்துக்கு. மாதாவக் கும்பிடுவோம், அது வேணுங்குறதக் கேக்குறதுக்கு. உபதேசியாரக் கும்பிட்டது அப்புடி இல்ல. அது பதிலுக்குக் கும்பிட்டது."

"பதிலுக்கு எண்டால்?" என்று கேட்டார் நீதிக் காவலர்.

"அவருதான் சாமி மொதல்ல கும்பிடுவாரு."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். என் நாக்கு நுனியில் நின்றதும் அதுதான். மூக்கொழுகிக்கொண்டு லயத்து வாசலில் நின்ற காலத்தில், கவ்வாத்துக் கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கே கும்பிடு போட்ட மனிதர் அவர்.

அக்காவுக்குப் பேச்சு வந்துவிட்டது. "தோட்டத்துல கும்பிடு எப்பவும் மேல பாத்துத்தான் போகும். நாங்க கங்காணியக் கும்பிடுவோம், கங்காணி கணக்கப்புள்ளயக் கும்பிடுவாரு, கணக்கப்புள்ள தொரையக் கும்பிடுவாரு. கீழ எறங்கி வந்த கும்பிட நாங்க கண்டதே இல்ல. இவரு ஒருத்தர்தான் எங்களக் கும்பிட்டாரு. கக்கூஸ் கழுவுற ஆளக் கும்பிட்டாரு. புள்ளைங்களக் கும்பிட்டாரு. காலையில வேலைக்குப் பேரு போடுற பிரட்டுல வச்சே கங்காணி ஏசுனாரு, நீ இப்புடிப் பண்ணுனா இவளுக எவளும் எங்கள மதிக்க மாட்டாளுகன்னு. அந்தக் கங்காணியையும் கும்பிட்டுட்டு வேலைக்குப் போயிட்டாரு."

நான் வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் கொடுத்துக்கொண்டே வந்தேன். பிறகு அக்கா நிறுத்தினார். குரல் மாறிவிட்டது.

"எனக்கு மொதப் புள்ள தங்கல சாமி. பொறந்து நாலஞ்சு நாளுல போயிருச்சு. பேருகூட வைக்கல. ஊட்டுக்காரரு நாவலப்பிட்டிப் பக்கம் வேலைக்குப் போயிருந்தாரு, சேதி போய்ச் சேரல. பேரு இல்லாத புள்ளைக்கு என்னா சடங்குன்னு ஆளுங்க வேலைக்குப் போயிட்டாங்க. இவரு அன்னைக்குக் கூலிய விட்டுட்டு, பேரு போடாம நின்னு, தேயிலப் பெட்டிப் பலகையில பொட்டி அடிச்சு, தூக்கிக்கிட்டு வந்தாரு. நானும் அவருந்தான் குழியில. எறக்கறதுக்கு முன்னால பொட்டியக் கீழ வச்சாரு. வச்சிட்டு எம்புள்ளயக் கும்பிட்டாரு. ரெண்டு கையும் சேத்து, மாதாவக் கும்பிடுற மாதிரி. எம்புள்ளய இந்தத் தோட்டத்துல கும்பிட்டது அவரு மட்டுந்தான். நான் அவரு குழியத் தாண்டுறப்ப பதிலுக்குக் கும்பிடக் கூடாதா?"

இதை மொழிபெயர்க்கும்போது என் குரல் உடைந்தது. நீதிமன்றத்தில் ஒருநாளும் உடையாத குரல். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துத் திரும்பத் தொடங்கினேன். நொத்தாரிசுச் சகோதரி தட்டெழுதாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைமைக் குரு அவசரப்படுத்தவில்லை.

நீதிக் காவலர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். "மொழிபெயர்ப்பாளரைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கைகூப்பி மரியாதை சொன்னார்கள் என்று எழுதினால் அதுவும் பிழை. அது மிகவும் சிறிய சொல். வழிபட்டார்கள் என்பதும் பிழை. என்ன எழுதப் போகிறீர்கள்?"

"ஒன்றும் எழுதவேண்டாம். கும்பிடு என்றே இருக்கட்டும். அந்த அம்மா சொன்ன விளக்கமே அதற்கு விளக்கமாக இருக்கட்டும்" என்றேன்.

தலைமைக் குரு சம்மதித்தார். சகோதரி ஆங்கில எழுத்தில் அந்தச் சொல்லைத் தட்டினார். எழுத்துக்கூட்டலை நான் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தினேன். அதற்குப் பிறகு சாட்சியம் முழுவதும் அந்தச் சொல் வந்த இடத்தில் எல்லாம் அப்படியே நின்றது. அக்காவுக்கு எல்லாவற்றையும் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டினேன். அவர் கையொப்பம் வைத்தார். அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ் கிடைக்காமல் அல்ல, உட்கார முடியாத அளவுக்கு மனம் நிறைந்திருந்தது.

எல்லாச் சாட்சியமும் முடிந்து, மறைமாவட்டத்து விசாரணையை மூடும் நாளும் வந்தது. அதைக் கோவிலில் பகிரங்கமாகத்தான் செய்வார்கள். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். கிறிஸ்தவர்களைவிடச் சைவக்காரர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன், திருநீற்றோடு முன்வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். திகனயில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் முதலாளி ஒருவர், உபதேசியாரிடம் கணக்குப் படித்தவராம், குடும்பத்தோடு வந்து பின்னால் நின்றார். பத்திரங்களைப் பெட்டிகளில் வைத்து, சிவப்பு நாடா கட்டி, மெழுகு உருக்கி முத்திரை குத்தினார்கள். ஒரு படி இங்கேயே இருக்கும், மற்றவை ரோமுக்கு. மெழுகில் முத்திரை விழுந்தபோது கோவிலில் கைதட்டல். கோவிலுக்குள் கைதட்டக் கூடாது என்று வழக்கமாகச் சொல்கிற ஆள் நான். அன்று நானும் தட்டினேன்.

பிறகு வெளியே படிக்கட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பேசுனது எங்க தங்கச்சி இருக்கு?"

"அந்தப் பொட்டிலதான்க்கா. ரோமாபுரிக்குப் போகுது."

"நானே நாவலப்பிட்டியத் தாண்டுனதில்ல. எந்தப் பாஷையில போகுது?"

"இங்கிலீசுலக்கா. ஆனா கும்பிடு மட்டும் நம்ம பாஷையிலயே போகுது. நீங்க சொன்ன மாதிரியே."

அக்கா நிமிர்ந்து நின்றார். "அப்ப அங்க உள்ள பெரியவங்க அதப் படிச்சுத்தான் ஆகணும்" என்றார். ஆமாம் என்றேன். எனக்குப் பெருமையில் நெஞ்சு கொள்ளவில்லை. நகரத்துப் பள்ளிக்கூடத்தில் எதைச் சொன்னதற்காக என்னைப் பார்த்துச் சிரித்தார்களோ, அது முத்திரை குத்திய பெட்டிக்குள் போகிறது. உபதேசியாருக்குப் பட்டம் கிடைக்குமோ கிடைக்காதோ, அது தெரியவர நான் இருக்கமாட்டேன். இது கிடைத்துவிட்டது.

நீதிக் காவலர் படியிறங்கி வந்தார். அக்கா வழக்கம்போல் கைகளைத் தூக்கப் போனார். அவர் முந்திக்கொண்டார். படியிலேயே நின்று, புத்தகப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்தார்.

"கும்பிடுறன் அம்மா" என்றார்.

யாழ்ப்பாணத்துக் கும்பிடு. எங்கள் சொல் அவர் வாயில் கொஞ்சம் வேறு மாதிரி ஒலித்தது. ஆனால் கீழே இறங்கி வந்த கும்பிடுதான்.

அக்கா பதிலுக்குக் கும்பிட்டார். அவர் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதையும் எழுதிப் பொட்டில போட்டியா?"

"பொட்டி மூடியாச்சேக்கா. முத்திரையும் குத்தியாச்சு."

"குத்துனா என்னா?" என்றார் அக்கா. "தொறந்து போடச் சொல்லு. உபதேசியாரு பண்ணுன புதுமை இது."